டெல்மர் ஹேகன் வரைந்த வால்சிறகு

கார் மாதிரி செய்கிற களிமண்ணைச் சூடாக்கினால் கந்தக வாடை கிளம்பும். அழுகின முட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு யாரோ பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது போல இருக்கும். டெட்ராய்ட்டில் ஹால்பர்ட் மோட்டார் கம்பெனியின் ஸ்டூடியோவில் இருபத்தாறு வருஷம் அந்த வாடைக்குள் நின்றிருக்கிறேன். என் மனைவி என் சட்டைகளைத் தனியாகத்தான் துவைப்பாள். ஆனால் அந்தக் கட்டடத்தில் எனக்குக் குமட்டலை வரவழைத்தது களிமண் அல்ல.

என் பெயர் லியோன் வோய்ச்சிக். அப்பா அம்மா போலந்திலிருந்து வந்தவர்கள். நான் டெட்ராய்ட்டை ஒட்டின ஹாம்ட்ராம்க்கில் பிறந்தவன். படம் வரைகிறவர்கள் காகிதத்தில் கொடுப்பதை, மரச்சட்டத்தின் மேல் களிமண் அப்பி, சுரண்டி, முழு அளவுக் காராக நிறுத்துவது என் வேலை. வரைகிறவர்கள் டை கட்டியிருப்பார்கள். நாங்கள் மேலங்கி போட்டிருப்போம். அவர்களுக்குச் சாப்பாட்டு மேஜை தனி, எங்களுக்குத் தனி. அந்த டை கட்டினவர்களில் எங்கள் மேஜைக்கு வந்து உட்கார்ந்து ரொட்டியைப் பிரித்தவன் ஒரே ஒருத்தன்தான். அவன் பெயர் டெல்மர் ஹேகன்.

அயோவாவில் பன்றியும் சோளமும் வளர்க்கிற நார்வேக்காரக் குடும்பம் அவனுடையது. ஆறடி மூன்று அங்குலம். காதுகள் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். யுத்தத்தில் விமான ரிப்பேர்ப் புத்தகங்களுக்குப் படம் போட்டான். திரும்பி வந்ததும் படைவீரர் சலுகையில் லாஸ் ஏஞ்சலஸில் ஓவியப் பள்ளியில் படித்துவிட்டு 1951இல் எங்களிடம் சேர்ந்தான். ஏர் பிடிக்கிறவனின் கை அவனுக்கு. அந்தக் கையிலிருந்து முடி போல மெல்லிய கோடு வரும். ஒரே இழுப்பு. அழித்து வரைகிற பழக்கம் கிடையாது. பேசவும் மாட்டான். ஞாயிற்றுக்கிழமை அவன் மனைவி ஆர்டிஸ் லூத்தரன் கோவிலில் ஆர்கன் வாசிப்பாள், இவன் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பான். அவ்வளவுதான் அவன் வெளியுலகம்.

ஸ்டூடியோக்களுக்கெல்லாம் தலைவர் மிஸ்டர் லோரிங். கம்பெனியின் துணைத் தலைவரும்கூட. வெள்ளை லினன் சூட் போட்டு, எந்தக் காரில் வருகிறாரோ அந்தக் காரின் நிறத்தில் காலணி போட்டு வருவார். கைக்கு ஏதோ ரோஜாத் தைலம் பூசுவார். களிமண் வாடைக்கு மேல் அந்த ரோஜா வாடை வந்தால் எங்களுக்குத் தெரிந்துவிடும், ஆள் வருகிறார் என்று. அந்த மனிதரால் ஒரு பூனை வரைய முடியாது. ஆனால் வலது கை ஆள்காட்டி விரல் நகத்தை நீளமாக வளர்த்து, மெருகேற்றி வைத்திருப்பார். நாங்கள் மூன்று வாரம் சுரண்டி வழவழப்பாக்கின களிமண்ணில் அந்த நகத்தை ஊன்றி ஒரு கீறல் போடுவார். "இங்கேர்ந்து இங்க, கண்ணு" என்பார். எல்லாரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். அறுபது வயதுக்காரனையும்.

"இதைப் பாத்தா எனக்கு வாயில எச்சில் ஊறணும்," என்பார். "ஊறலியே கண்ணு."

டை கட்டின எட்டுப் பேரும் சிரிப்பார்கள். ஒவ்வொரு தடவையும் சிரிப்பார்கள்.

நாங்கள் செய்த வேலை என்ன என்று இன்னொரு ஆளிடம் சொன்னால் அவனுக்கே அருவருப்பு வரும். காருக்கு அடியில் அதே சட்டம், அதே இஞ்சின், அதே பிரேக். ஆறு வருஷமாக யாரும் தொடவில்லை. மேல்தோலை மட்டும் வருஷா வருஷம் உரித்து வேறு தோல் போர்த்துவோம். போன வருஷம் வாங்கினவன் இந்த வருஷம் தன் வீட்டு வாசலில் நிற்கிற வண்டியைப் பார்த்து வெட்கப்பட வேண்டும். இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. லோரிங் அதை ஒரு பலகையில் எழுதி மாட்டவில்லையே தவிர, வாரத்துக்கு ஒரு தடவை வாய்விட்டுச் சொல்வார்.

1956 வசந்தத்தில், போட்டிக் கம்பெனிக்காரர்கள் காரின் பின்பக்கத்தில் மீன் துடுப்பு மாதிரி சிறகு வைத்து உயர்த்தப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. லோரிங் எட்டுப் பேரையும் நிற்க வைத்துச் சொன்னார்:

"அவங்க வால் முழங்கால் வரைக்கும் வந்தா நம்ம வால் இடுப்பு வரைக்கும் வரணும். வெள்ளிக்கிழமைக்குள்ள ஆளுக்கு இருபது வால் வரைஞ்சு செவுத்துல ஒட்டுங்க."

வெள்ளிக்கிழமை சுவர் முழுக்க வால். நூற்றறுபது வால். லோரிங் நடந்துகொண்டே வந்தவர் டெல்மரின் காகிதத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். கதவுப் பிடியில் பிறந்த ஒரு கோடு, மெல்ல மேலேறி, பின்பக்கம் நேராக ஓடி, பம்பரையும் தாண்டி ஒரு சாண் வெளியே போய், கத்தி முனையாக முடிந்தது. முனையில் குரோம் தொப்பி. அந்தக் கோட்டை நான்தான் களிமண்ணில் செதுக்கினேன். என் வாழ்நாளில் என் கையிலிருந்து வந்த அழகான கோடு அதுதான். அதைச் சொல்ல இன்றைக்கு நாக்கு கூசுகிறது. ஆனால் பொய் சொல்ல முடியாது.

களிமண் முடிந்ததும் அதன் மேல் அச்செடுத்து ஃபைபர் கிளாஸில் ஒரு வண்டி செய்வார்கள், சாயம் பூசிப் பார்ப்பதற்காக. ஒருநாள் வாளியைத் தூக்கிக்கொண்டு அதன் பின்பக்கமாகத் திரும்பினேன். முனை என் தொடையில் ஏறிவிட்டது. நான் ஓடவில்லை, விழவில்லை. சும்மா திரும்பினேன், அவ்வளவுதான். ஏழு தையல். முதலுதவி அறைக்கு என்னைத் தோளில் தாங்கிக்கொண்டு போனவன் டெல்மர். திரும்பி வந்தபோது லோரிங் அந்த வெள்ளை வண்டிக்குப் பக்கத்தில் நின்று, வழிந்திருந்த ரத்தத்தைத் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாருக்கே," என்றார். "சிவப்புல ஒண்ணு பூசிப் பாப்போம் கண்ணு."

பூசினார்கள். விளம்பரத்தில் வந்ததும் அந்தச் சிவப்புதான்.

மறுநாள் காலை டெல்மர் என்னிடம் வந்து, "லியோன், களிமண்ல முனையை மழுக்கிடு" என்றான்.

"எவ்வளவு?"

கட்டைவிரலைக் காட்டினான். "இந்த நுனி அளவுக்கு."

மழுக்கினேன். உள்ளதைச் சொன்னால் பார்க்க மாட்டு நாக்கு மாதிரிதான் இருந்தது. பிற்பகல் ரோஜா வாடை வந்தது. லோரிங் கோட்டின் மேல் நகத்தை வைத்து நடந்து வந்தார். முனைக்கு வந்ததும் நின்றார்.

"யாரு இதை வாயில போட்டுச் சப்பினது?"

சிரிப்பு.

"நான்தான் சார் மழுக்கச் சொன்னேன்," என்றான் டெல்மர். "ஆள் மேல பட்டா குத்துது."

"நிக்கிற கார் மேல எவன் போய் விழுவான்?"

"லியோன் மேல குத்திச்சே சார்."

"லியோன் போலாக்குப்பா. அவன் சமதரையிலயே தடுக்கி விழுவான்."

போலாக்கு என்பது போலந்துக்காரர்களை இளக்காரமாகச் சொல்கிற பேர். மறுபடி சிரிப்பு. நானும் சிரித்தேன். தொடையில் தையல் இழுத்தது, ஆனாலும் சிரித்தேன். டெல்மர் சிரிக்கவில்லை. லோரிங் எட்டி அவன் தோளில் கை போட்டார். அவன் உயரத்துக்கு அது தொங்குவது போல இருந்தது.

"கண்ணு, நீ பன்னிக்கொட்டாயிலேர்ந்து வந்தவன். ஆனா கடவுள் உனக்கு ஒரு கையைக் குடுத்துருக்கான். அந்த முனை இருக்கு பாரு, அதுலதான் சனங்களோட கனவு இருக்கு. மழுக்கிட்டா அது வெறும் தகரம். நாளைக்கு நான் வரும்போது அது என் நகத்தைக் கீறணும். இல்லன்னா வேற கையைத் தேடிக்கிறேன்."

அவர் போன பிறகு டெல்மர் அந்த முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்க்காமலே, "பழையபடி வச்சிடு" என்றான்.

"நீயா சொல்ற?"

"நான்தான் சொல்றேன்."

வைத்தேன். வரைபடத்தின் மூலையில் அவன் கையெழுத்துப் போட்டான். அடுத்த மாதமே அவனை, காரின் பின்பக்கத்தை வரைகிற ஸ்டூடியோவுக்குத் தலைவனாக்கினார்கள். ஜன்னல் வைத்த அறை, தனிச் சாவி. ஊருக்கு வெளியே புல்வெளி வைத்த வீட்டுக்குக் குடிபோனார்கள். ஆர்டிஸ் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டாள். வீடு முழுக்கச் சுற்றிக் காட்டினாள். அவனும் சந்தோஷமாகத்தான் இருந்தான். எனக்கு அதில் ஆத்திரமும் இல்லை. யார்தான் மாட்டேன் என்றிருப்பார்கள்?

58 இலையுதிர் காலத்தில் வண்டி வெளியே வந்தது. பெயர் ஸ்டார்லான்ஸ். விற்பனைக்கூட வாசல்களில் கூட்டம். நன்றாக ஓடியது, ஓடாவிட்டாலும் நன்றாக நின்றது. பெரும்பாலான கார்கள் நாளில் பாதிக்கு மேல் நிற்கத்தானே செய்கின்றன.

அடுத்த மே மாதம் ஒரு புதன்கிழமை, சாப்பாட்டு மேஜையில் டெல்மர் என் பக்கம் ஒரு கடிதத்தைத் தள்ளினான். கோடு போட்ட காகிதத்தில் பென்சில் எழுத்து. கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு வந்தது. படம் சம்பந்தமான கேள்வி என்று எங்களுக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். மேலே லோரிங்கின் செயலாளர் ஒரு துண்டுச் சீட்டைக் குத்தியிருந்தாள்: இரண்டு பத்தியில் இதமாகப் பதில் எழுதவும்.

அனுப்பியவர் ஜூலியஸ் நெமெத். ஒஹாயோவில் டொலீடோ. கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை. அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "என் மகள் மார்லீனுக்கு ஒன்பது வயது. ஏப்ரல் பதினெட்டாம் தேதி சனிக்கிழமை காலில் சக்கரம் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டு முன்னால் விளையாடினாள். எங்கள் காரின் வால் முனை அவள் வலது கண்ணில் பட்டுவிட்டது. கண்ணை எடுத்துவிட்டார்கள். கார் ஓடவில்லை. நின்றுகொண்டிருந்தது. இதை வரைந்தவர் யார் என்று எனக்குத் தெரிய வேண்டும்."

நான் படித்து முடித்து நிமிர்ந்தபோது டெல்மர் ஈரல் சாசேஜ் வைத்த ரொட்டியை மென்றுகொண்டிருந்தான். கடைசித் துணுக்கு வரை சாப்பிட்டான். விரலை நக்கினான். எனக்கு அவனை எட்டி அறையலாம் போல இருந்தது. அன்று தான் சாப்பிட்டதே தனக்குத் தெரியாது என்று பிறகு சொன்னான். நம்புகிறேன்.

அன்று மாலையே லோரிங்கின் அறைக்குப் போனான். நானும் வாசல் வரை போனேன். லோரிங் சவர நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஒரு பெண் முக்காலி போட்டு உட்கார்ந்து அவர் நகத்துக்கு மெருகு தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பாவம்தான்," என்றார் கண்ணைத் திறக்காமல். "வக்கீலுங்க பாத்துக்குவாங்க. நீ ரெண்டு பத்தி எழுதிடு. ஒண்ணு ஞாபகம் வச்சுக்க, 'வருந்துகிறோம்'னு எழுதாதே. வருந்தினா தப்பு நம்மளதுன்னு ஆயிடும். 'செய்தி அறிந்தோம்'னு எழுது."

"யார் வரைஞ்சதுன்னு கேக்கறாரு சார்."

"கம்பெனி வரைஞ்சுதுன்னு எழுது."

நகம் தேய்க்கிற பெண் ஒரு நிமிஷம் கையை நிறுத்தி டெல்மரைப் பார்த்தாள். பிறகு தேய்த்தாள்.

டெல்மர் எழுதவில்லை. சனிக்கிழமை காலை என் வீட்டுக்கு வந்து, "டொலீடோ வரைக்கும் உன் வண்டியில கூட்டிட்டுப் போறியா" என்று கேட்டான். அவனிடமும் ஒரு ஸ்டார்லான்ஸ்தான் இருந்தது, கம்பெனி கொடுத்தது. அதில் அந்தத் தெருவுக்குள் போக முடியாதல்லவா. போனோம். ஒன்றேகால் மணி நேர ஓட்டம்.

ஹங்கேரிக்காரர்கள் நெருங்கி வாழ்கிற தெரு. சின்ன மரவீடு. வாசலில் வெளிர்நீல ஸ்டார்லான்ஸ். பக்கத்தில் புல்லில் ஒரு பழைய குளியல் துண்டும் கொடிக்கயிறும் கிடந்தன. நெமெத் வெளியே வந்தார். குட்டையான, அகன்ற ஆள். முன்கையில் கண்ணாடி வெட்டின தழும்புகள். டெல்மர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சொன்னான்:

"நீங்க எழுதின கடிதம் வந்துச்சு. அதை வரைஞ்சது நான்தான்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. அவர் டெல்மரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உள்ள வாங்க" என்றார்.

சமையலறையில் அவர் மனைவி அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். யார் என்று கணவர் ஹங்கேரிய மொழியில் சொன்னார். அவள் திரும்பவில்லை.

"எங்க வீட்ல காப்பி இல்ல," என்றாள்.

அடுப்பில் காப்பி கொதிக்கிற வாசனை வீடு முழுக்க நிறைந்திருந்தது. அந்த வீட்டில் எனக்கு மரியாதை தோன்றியது அந்த அம்மாள் மேல்தான்.

நெமெத் பேச ஆரம்பித்தார். முதலில் அந்தச் சனிக்கிழமையைப் பற்றிச் சொன்னார். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அதற்குப் பிறகு, மற்றப் பிள்ளைகள் தெருவில் விளையாடுகிறார்களே என்று அவர் மனைவி வால் முனைகளில் துண்டைச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தாளாம். முந்தாநாள் கம்பெனி ஆள் ஒருவன் பெட்டியோடு வந்து, போகிற வருகிறவர்கள் பார்க்கிறார்கள், துண்டை எடுத்துவிடுங்கள் என்றானாம்.

"எடுத்துட்டீங்களா?" என்றான் டெல்மர்.

"எடுத்துட்டேன். ஒரு காகிதத்துல கையெழுத்துப் போட்டா இந்த வண்டியை வாங்கிக்கிட்டு அடுத்த மாடல் புது வண்டி தர்றேன்னாங்க. போட்டேன். எனக்கு ஃபேக்டரிக்குப் போக வண்டி வேணும்ல." நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "நீங்க உள்ள இருக்கறவர். கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு கலர் வண்டின்னு சொன்னாங்க. பச்சையும் வெள்ளையும் நல்லாருக்குமா, இல்ல அந்தச் செம்பு நிறமா? எது சீக்கிரம் மங்காது?"

டெல்மரின் காதுகள் சிவந்தன. "பச்சை," என்றான்.

அப்போது மார்லீன் வந்தாள். கண்ணுக்கு மேல் வெள்ளைப் பஞ்சுத் துணி ஒட்டியிருந்தது. கையில் ஒரு ஆரஞ்சு. யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது, சுவர் மெல்லியது. நேராக டெல்மரிடம் வந்து நின்றாள்.

"நீங்கதான் அதை வரைஞ்சீங்களா?"

"ஆமாம்மா."

"எதுக்கு அந்த மாதிரி கூரா வரைஞ்சீங்க?"

டெல்மர் நிஜமாகவே யோசித்தான், குழந்தைக்கு ஒரு பதிலைத் தயார் செய்கிறவன் மாதிரி இல்லை, தனக்கே அது தெரியாதவன் மாதிரி.

"அழகா இருக்கும்னு," என்றான்.

அவள் தலையைத் திருப்பி, இருந்த ஒரு கண்ணால் ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்தாள். "அழகாத்தான் இருக்கு," என்றாள். பிறகு ஆரஞ்சை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போய்விட்டாள்.

திரும்பும் வழியில் மன்ரோ ஊரைத் தாண்டியதும் வண்டியை நிறுத்தச் சொன்னான். இறங்கிப் போய் வாய்க்கால் ஓரம் குனிந்து வாந்தி எடுத்தான். வந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பேசினான். இத்தனை வருஷத்தில் அவன் ஒரேயடியாக அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"அந்த ஆளு கலர் கேட்டான்ல, அப்ப எனக்கு அவன் மேல அருவருப்பு வந்துச்சு லியோன். அவன் மேல. பெத்த பொண்ணு கண்ணுக்குக் கலர் கேக்கறியேடான்னு. என் மேல வரல, அவன் மேலதான் மொதல்ல வந்துச்சு. அவனுக்குக் கலரைப் பாத்து ஆசைப்படக் கத்துக் குடுத்தது யாரு? நாமதானே. எட்டு வருஷமா அந்த ஒரே வேலையைத்தானே பண்றேன். கத்துக்கிட்டவனைப் பாத்து எனக்குக் குமட்டுது. நான் எப்படிப்பட்டவன் பாரு."

"நீ மழுக்கச் சொன்ன. எனக்குத் தெரியும்," என்றேன்.

"அப்புறம் திருப்பி வைக்கச் சொன்னேன். அதுவும் உனக்குத் தெரியும்."

நான் வண்டியைக் கிளப்பினேன்.

ஜூன் மாதம் 62ஆம் வருஷ மாடலுக்கான முழு அளவுக் களிமண் வண்டி தயாராகிவிட்டது. வியாழக்கிழமை இயக்குநர்கள் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அதன் வால் ஸ்டார்லான்ஸைவிட நாலு அங்குலம் உயரம். டெல்மரின் கீழே இருந்த ஒருத்தன் வரைந்தது. திங்கட்கிழமை மத்தியானம் டெல்மர் டையைக் கழற்றிவிட்டு ஒரு மேலங்கியைப் போட்டுக்கொண்டு வந்தான். என் கையிலிருந்த சுரண்டியை வாங்கினான். இடது பக்க வாலை அடியோடு வெட்ட ஆரம்பித்தான்.

பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். அவன்தான் ஸ்டூடியோத் தலைவன், யார் தடுப்பது? கட்டி கட்டியாகத் தரையில் விழுந்தது. வெட்டி, சுரண்டி, வழித்து, உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தான். குழந்தை முகம் மோதினாலும் வழுக்கிக்கொண்டு போகிற அளவுக்கு உருட்டினான். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பாதியில் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். வலது பக்கத்தை நான் எடுத்துக்கொள்வேன் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். நான் கைகளை மேலங்கிப் பையில் விட்டுக்கொண்டு நின்றேன். எனக்கு மூன்று பிள்ளைகள். இதை நியாயமாகச் சொல்லவில்லை, நடந்ததாகச் சொல்கிறேன்.

ரோஜா வாடை வந்தது.

லோரிங் கதவருகிலேயே நின்றார். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். மனிதர் வெடிக்கப் போகிறார் என்று எல்லாரும் ஒரு அடி விலகினோம். அவர் மெதுவாக நடந்து வந்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். எழுந்து பின்பக்கம் போய் இடதையும் வலதையும் மாறி மாறிப் பார்த்தார். நகத்தைக் கோட்டின் மேல் வைத்து நடந்தார். நகம் எங்கேயும் மாட்டவில்லை.

"கண்ணுங்களா," என்றார், "வாலோட காலம் முடிஞ்சுபோச்சு. எல்லா கம்பெனிக்காரனும் வாலை இறக்கப்போறான். எனக்குப் போன வாரமே காத்துல வாசனை வந்துச்சு. இவன் ஒருத்தனுக்குத்தான் அது தெரிஞ்சிருக்கு." டெல்மரின் கன்னத்தைத் தட்டினார். "வாயில எச்சில் ஊறுதுப்பா."

யாரோ கை தட்டினார்கள். எல்லாரும் தட்டினார்கள்.

"சார்," என்றான் டெல்மர். "ஒரு பொண்ணுக்குக் கண்ணு போச்சு. அதனாலதான் வெட்டினேன்."

"எதனால வெட்டினா என்ன, நல்லாருக்கு. அந்தக் கதையை மட்டும் வியாழக்கிழமை வெளிய எடுக்காதே. 'தூய கோடு'ன்னு சொல்லுவோம். இந்த வருஷம் தூய கோடு. அந்தப் பக்கத்தையும் இதே மாதிரி வெட்டு."

டெல்மர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் இல்லை அந்த முகத்தில். சாக்கடையில் கை விட்டுவிட்டு, துடைக்க இடம் தேடுகிறவனின் முகம் அது. அவன் தன் ஆத்திரத்தைக் கொண்டுபோய் அவர்கள் முன்னால் வைத்தான். அவர்கள் அதையும் எடுத்து நக்கிப் பார்த்து, ருசியாக இருக்கிறது என்றார்கள்.

சுரண்டியை மேஜையில் வைத்தான். மேலங்கியைக் கழற்றி மடித்து அதன் பக்கத்தில் வைத்தான்.

"அந்தப் பக்கத்தை நீங்களே வெட்டிக்குங்க," என்றான். சாவியையும் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

வலது பக்கத்தை வெட்டியது நான். 62 மாடல் வந்தபோது பத்திரிகைகளெல்லாம் எவ்வளவு அடக்கம், எவ்வளவு தூய்மை என்று எழுதின. நெமெத்துக்குக் கொடுத்த புது வண்டியில் பழைய வால்தான் இருந்தது, பச்சையும் வெள்ளையுமாக.

ஆர்டிஸ் அன்று மாலை என் மனைவிக்குப் போன் செய்தாள். அழவில்லை. டெல்மரிடம் தான் சொன்னதை அப்படியே சொன்னாள்: "வேலையை விடறேன்னு என்கிட்ட வந்து சொல்ற. அந்த முனையைத் திருப்பி வைக்கும்போது என்கிட்ட வந்து கேட்டியா? அப்பக் கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன்." சொல்லியிருப்பாளா என்று தெரியாது. டெல்மரும் அதைத்தான் நினைத்திருப்பான், ஆனால் அவளிடம் சொல்லவில்லையாம். புல்வெளி வைத்த வீட்டைக் காலி செய்துகொண்டு அயோவாவுக்கே திரும்பிப் போனார்கள்.

அங்கே குளிர்சாதனப் பெட்டி செய்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தான். பெட்டி நல்ல பெட்டி என்று எழுதியிருந்தான். ஏழாவது மாதம் முதலாளி கூப்பிட்டு, அடுத்த வருஷத்துக்குக் கைப்பிடியை மாற்ற வேண்டும், பழையது வைத்திருக்கிறவர்களுக்குப் பழையது என்று தெரிய வேண்டும் என்றானாம். டெல்மர் அங்கேயே நின்று சிரித்தானாம். சிரிப்பை நிறுத்த முடியாமல் போய்விட்டது, அதனால் அனுப்பிவிட்டார்கள் என்று எழுதினான். அதன் பிறகு மாநில நெடுஞ்சாலைத் துறையில் சாலைப் பலகைகள் செய்கிற கொட்டகையில் வேலை கிடைத்தது. எழுத்தின் அகலம், அம்பின் கோணம் எல்லாம் அரசாங்கப் புத்தகத்தில் இருக்கும். யாரும் எச்சில் ஊறவேண்டும் என்று கேட்பதில்லை.

67 கோடையில் நானும் என் மனைவியும் போய் ஒரு சனி ஞாயிறு தங்கிவிட்டு வந்தோம். இளைத்திருந்தான். பன்றிக்கறியும் வேகவைத்த சோளமும் போட்டாள் ஆர்டிஸ். கம்பெனியில் யார் எப்படி என்று அவன் கேட்கவே இல்லை. அவன் கேளாமலே நான் சொன்னேன், லோரிங் ஓய்வு பெற்றதையும், அந்த விருந்தில் ஸ்டார்லான்ஸை ஐஸ்கட்டியில் செதுக்கி, முதுகு முழுக்க இறால் அடுக்கி வைத்திருந்ததையும், இருநூறு பேர் அதைப் பிடுங்கித் தின்றதையும்.

"நீ தின்னியா?" என்றான்.

"தின்னேன்."

தலையை ஆட்டினான். என்னைக் குற்றம் சொல்கிற மாதிரி இல்லை. "நானா இருந்தாலும் அப்பத் தின்னுருப்பேன்," என்றான்.

மார்லீனுக்கு இரண்டு கடிதம் போட்டதாகச் சொன்னான். பதில் வரவில்லை. வரவேண்டும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. அந்த அம்மா கிழித்துப் போட்டிருந்தால் சரியான வேலைதான் என்றான். இப்போது மனசுக்கு நிம்மதியாக இருக்கிறதா என்று என் மனைவி கேட்டாள். அவள் அப்படித்தான், நேராகக் கேட்டுவிடுவாள்.

"இல்லம்மா," என்றான் டெல்மர். "இன்னும் ரோட்டுல ஒரு வண்டி போனா அதோட கோட்டைத்தான் மொதல்ல பாக்கறேன். நல்லாருக்கான்னு. கை தன்னால வரைஞ்சு பாக்குது. அதை நிறுத்த எனக்கு வழி தெரியல."

ஆர்டிஸ் தட்டுகளை எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் கோவிலில் வாசித்ததைக் கேட்டுவிட்டு, மத்தியானமே கிளம்பிவிட்டோம். திங்கட்கிழமை எனக்கு வேலை இருந்தது.